ரயில் மேசை

"இன்னும் கொஞ்சம் தூக்குங்கோ. உங்கால, உங்கால. ஆ, சரி, இப்ப மெல்ல விடுங்கோ."

முன்னறையில் யாக்கோப்பு ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது குசினிக்குள் நின்ற பியற்றிஸுக்குக் கேட்டது. அதற்கடுத்து, காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தமும் கேட்டது. தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்துக்கொண்டிருந்தவள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். மேசையில் நிற்கிற குட்டி ரயிலின் எஞ்சின் கொட்டகைக் கூரை. சந்தேகமேயில்லை. புருசன் பஸ்தியாம்பிள்ளை இருந்திருந்தால் இந்நேரம் வீடு இரண்டுபட்டிருக்கும்.

பஸ்தியாம்பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்புறம் ஆஸ்பத்திரியில், தன் வழக்கப்படி ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல், நித்திரையிலேயே போய்விட்டார். இன்று செவ்வாய். அடக்கத்துக்கு அடுத்த புதன்கிழமைதான் சேமக்காலையில் இடம் கிடைத்திருந்தது. லண்டனில் செத்தாலும் கியூவில்தான் நிற்கவேண்டும்.

அவள் முன்னறை வாசலில் வந்து நின்றாள். யாக்கோப்பு, பஸ்தியாம்பிள்ளையின் ஒரே தம்பி, அப்டன் பார்க்கில் மரக்கறிக்கடை வைத்திருப்பவர். கடையின் பின்பக்கத்தில் கிடந்த பழைய கதவு ஒன்றை தன்னுடைய வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து ரயில் மேசையின் மேலே அப்படியே கிடத்தியிருந்தார். அவருடைய மனைவி அருள்நாயகி அதன்மேல் வெள்ளை விரிப்பை விரித்து, மூலைகளை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். நடுவில் பஸ்தியாம்பிள்ளையின் படம். இரண்டு பக்கமும் மெழுகுதிரிக் கால்கள். பின்னால் சிலுவையோடு பாடுபட்ட சுரூபம்.

"இப்பதான் மச்சாள், செத்தவீடு எண்டு சொல்ல ஒரு வடிவு வந்திருக்கு" என்றார் யாக்கோப்பு. "சனம் செபமாலைக்கு வந்தா படத்தை எங்க வைக்கிறது எண்டு நேற்று முழுக்க யோசிச்சனான். உந்த மேசை வசதியாப் போச்சு."

"நல்லாயிருக்கு" என்றாள் பியற்றிஸ்.

வேறென்ன சொல்வது? மனிதர் ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் ஓரிடத்தில் இருக்கவில்லை. சவப்பெட்டிக்காரனிடம் ஓடியது அவர், சுவாமியாரைக் கண்டது அவர், பாரிஸுக்கும் ரொறொன்ரோவுக்கும் போன் எடுத்து ஆட்களுக்கு அறிவித்தது அவர். அழக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கழுத்தில் கறுப்பு ரையைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பேனாவோடு, கலியாணவீட்டுக்காரர் மாதிரி ஓடித் திரிந்தார். அப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் கதவுக்குக் கீழே ஒரு ஸ்டேசன் நசிந்துபோய்க் கிடக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

அன்றைக்குப் பின்னேரம் அந்த ஹவுன்ஸ்லோ வீட்டில் சனம் நிறைந்திருந்தது. யாக்கோப்பு முழந்தாளில் நின்று செபமாலையைத் தொடங்கினார். அவர் செபம் சொன்னால் தனி இழுவை. கிழக்கு லண்டனில் எங்கே செத்தவீடு நடந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பியற்றிஸ் மட்டும் விரிப்புக்குக் கீழே தொங்கிய சிவப்பு வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு உருகி எங்கே வடிகிறதோ, கதவில் திறப்பு ஓட்டை இருந்ததே, அதற்குள்ளால் போனால் நேரே மேசையிலுள்ள குட்டித் துறைமுகத்தின் மேலேதானே சொட்டும். செபத்தில் மனம் ஒன்றவில்லை. மாதா மன்னிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ரயிலின் கதை இதுதான். எழுபத்தொன்பதாம் ஆண்டு கோடையில், கோயிலால் பஸ் பிடித்து சௌத்வோல்ட் என்கிற கடற்கரை ஊருக்கு எல்லோரும் போனார்கள். மன்னார்ப் பக்கத்து ஆட்கள், கடலைக் கண்டு கனகாலம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். பஸ்தியாம்பிள்ளை மட்டும் ஒரு புல்லு மேட்டில் ஏறி, அதன் வழியே நடக்கத் தொடங்கினார். ஆற்றைக் கடக்கிற ஒரு நடைபாலத்தில் நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்துக் கேட்டார். இது ரயில் ஓடின பாதை என்று ஒரு கிழவர் சொல்லியிருக்கிறார். ஒடுங்கின தண்டவாளத்தில் ஓடிய குட்டி ரயில். ஒரு முனையில் பெரிய ரயில் வருகிற ஹேல்ஸ்வேர்த், மறு முனையில் கடல். நடுவில் மூன்று குஞ்சு ஸ்டேசன்கள். அவ்வளவுதான் அந்தக் கம்பனியின் முழு இராச்சியமும். போகிற வேகத்தைப் பார்த்துச் சனம் கேலிப்படம் போட்டுத் தபாலட்டை அடித்து விற்றதாம். பஸ் வந்ததும் காசு வராமல், இருபத்தொன்பதில் கம்பனி இழுத்து மூடிவிட்டது.

கடல் பார்க்கப் போன மனிதன் கடலைப் பார்க்காமலே திரும்பி வந்தார். வருகிற வழி முழுக்க அந்த ரயிலைப் பற்றியே பேசினார். ஒரு மாதம் போனதும் பலகை வாங்கினார். விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை, ஷிப்ட் முடிந்து வந்தால் பலகையும் பசையும் வாளும். முன்னறையில் சோபா இருந்த இடம் போனது, பிறகு கண்ணாடி அலுமாரி போனது, பிறகு விருந்தாளிகளும் போனார்கள், ஏனென்றால் இருக்க இடமில்லை.

"செய்யிறதுதான் செய்யிறியள், எங்கட தலைமன்னார் ரயிலைச் செய்யுங்கோவன் அண்ணை. வெள்ளைக்காரன்ர செத்த ரயில் உங்களுக்கு என்னத்துக்கு?" என்று யாக்கோப்பு ஒருமுறை கேட்டார்.

"அது ஓடிக்கொண்டுதானே இருக்கு" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "ஓடுற ரயிலுக்கு நான் எதுக்கு?"

தொண்ணூறில் சண்டையோடு அதுவும் நின்றுபோனது. அதற்குப் பிறகு யாக்கோப்பு அந்தக் கதையை எடுக்கவில்லை. ரயில் மேசையையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கோயில் வேலைக்கு வராத அண்ணன், விளையாட்டுச் சாமானுக்குப் பின்னால் திரிகிறார் என்பது அவருடைய தீராத மனக்குறை.

பியற்றிஸுக்கும் தொடக்கத்தில் எரிச்சல்தான். ஆனால் ரயிலை ஓட்ட இரண்டுபேர் வேண்டும். முன்பக்கம், ஆட்கள் பார்க்கிற பக்கம், சௌத்வோல்ட் ஸ்டேசன், கொட்டகை, துறைமுகம், பாலம். பாலம் கடந்ததும் வானம் வரைந்த பலகையில் ஒரு பொந்து. வண்டி அந்தப் பொந்துக்குள் போய் மறைப்புக்குப் பின்னால் வந்து நிற்கும். அங்கே ஒரு கதிரை. அதுதான் பியற்றிஸின் இடம். கதவு மணி ஒன்றைக் கழற்றி இரண்டு பக்கமும் பூட்டியிருந்தார். அவர் ஒருமுறை அடித்தால் வண்டியை விடலாமா என்று அர்த்தம். அவள் ஒருமுறை அடித்தால் விடுங்கோ என்று அர்த்தம். வண்டி வந்ததும் எஞ்சினைக் கழற்றி மற்றப் பக்கம் கொளுவி, மணி அடித்துத் திருப்பி அனுப்பவேண்டும். வருடக்கணக்காக அவள் அதைச் செய்தாள். ஓடுகிற ரயிலை முன்பக்கத்திலிருந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவளிடம் வண்டி வரும், அவளிடமிருந்து வண்டி போகும், அவ்வளவுதான்.

பின்னால் சும்மா இருக்கிற நேரத்தில் அவள் செபமாலை சொல்லப் பழகினாள். பத்து அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்கவும் வண்டி பொந்துக்குள்ளால் தலைகாட்டவும் சரியாக இருந்தது. முதல் முறை தற்செயல். அதை அவள் சொன்னபிறகு பஸ்தியாம்பிள்ளை ஒருநாளும் பிசகாமல் அந்தக் கணக்குக்கே ஓட்டினார். பொந்துக்குள் இருக்கிற கடைசித் துண்டுத் தண்டவாளத்துக்கு மின்சாரம் அவள் பக்கத்துச் சுவிட்சில்தான். பத்தாவது மந்திரத்தில் அவள் அதைப் போடவேண்டும். பிந்தினால் வண்டி பொந்துக்குள் நின்றுவிடும், முந்தினால் பாய்ந்து வந்து கட்டையில் முட்டும். அவரும் வாய்க்குள் செபம் சொன்னாரா, மணிக்கூடு பார்த்தாரா, அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவுமில்லை. சந்தோசமான பின்னேரங்கள் அவை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, மணி மட்டும் கேட்கும்.

ரயில் கிளப் ஆட்கள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள், கண்காட்சிக்குக் கொண்டுவாருங்கள் என்று. இன்னும் வேலை கிடக்கு என்று சொல்லித் தட்டிக்கழித்துவிடுவார். இந்த வருடம்தான், என்ன நினைத்தாரோ, ஓம் என்றார். பெல்தம் மண்டபத்தில், வருகிற சனிக்கிழமை. போட்டுக்கொண்டு போகப் புதுச் சேட் ஒன்றுகூட வாங்கி வைத்திருந்தார். அந்தச் சேட்டைத்தான் இப்போது சவப்பெட்டிக்குள் அவருக்குப் போடக் கொடுத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கிளப்பிலிருந்து நோர்மன் வந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர், நல்ல வெள்ளைக்கார மனுசன், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னறை வாசலில் நின்றார். வெள்ளை விரிப்பையும் படத்தையும் சுரூபத்தையும் பார்த்தார். பிறகு விரிப்பின் உயரத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒருமாதிரிப் போனது. தேத்தண்ணி குடித்து முடித்தபிறகுதான் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"சனிக்கிழமையைப் பற்றி நீங்கள் யோசிக்காதீர்கள், மிசிஸ் பிள்ளை. அந்த இடத்தை நாங்கள் வேறு ஒருவருக்கும் கொடுக்கமாட்டோம். ஒரு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அவருடைய பெயரை எழுதி, கொஞ்சம் பூ வைக்கப்போகிறோம்."

பியற்றிஸ் அந்தக் காட்சியை மனதில் கண்டாள். வெள்ளைத் துணி, பெயர், பூ. ஏற்கெனவே அப்படியொன்று இந்த அறைக்குள் நிற்கிறது. ஊருக்கு ஒன்று போதாதா?

"வேண்டாம்" என்றாள். "நாங்கள் வருவோம். ரயில் ஓடும்."

சொன்னபிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கே விளங்கியது. நோர்மன் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி அவளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மகள் றெஜினா, "அம்மா, are you sure?" என்றாள்.

"ஓம் பிள்ளை."

செய்தி அன்று பின்னேரம் செபமாலைக்கு முன்பே யாக்கோப்பின் காதுக்குப் போய்விட்டது. அவர் செபத்தை முடித்து, கடைசி ஆள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போகும்வரை பொறுத்தார். பிறகு குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"மச்சாள், நான் கேள்விப்பட்டது உண்மையோ?"

"ஓம்."

"படம் வைச்சு, திரி கொளுத்தி, செபம் சொல்லுற மேசை அது. அதைத் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்தில விளையாட்டுக் காட்டப் போறியளே?"

"மேசை முதல்ல ரயிலுக்குத்தான் செய்தது, யாக்கோப்பு. படம் பிறகு வந்தது."

"அண்ணையை இன்னும் மண்ணுக்குள்ள வைக்கேல்லை" என்றார் யாக்கோப்பு. குரல் உயரவில்லை. "அந்த மனுசன் அங்க ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்கிறார். பெண்சாதி ரயில் விடப் போயிட்டா எண்டு நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கதைக்காமல் எப்ப இருந்தது? ரயில்காரன், விசரன், கோயிலுக்கு வராதவன் எண்டு அவர் உயிரோட இருக்கேக்கையே கதைச்சது. நீங்களும் கதைச்சனீங்கள்."

பியற்றிஸ் கழுவிய கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்தாள். கோபத்தில் அல்ல, கையில் வேலை இருந்தால்தான் சொல்லவந்ததைச் சொல்லமுடியும் என்று தெரிந்தது.

"இஞ்ச பாருங்கோ. அடக்கம் முடிஞ்சா நான் இந்த வீட்டை விட்டிட்டு றெஜினாவோட ஹரோவுக்குப் போறன். அவளின்ர பிளாட்டில இந்த மேசையின்ர ஒரு காலை வைக்கவும் இடமில்லை. கழற்றி ஆரோ எடுத்துக்கொண்டு போவினம், ஒருத்தருக்குப் பாலம், ஒருத்தருக்கு எஞ்சின். அதோட முடிஞ்சுது. இத்தனை வருசத்தில ஒரே ஒருக்காத்தான் அவர் சனத்துக்குக் காட்டுறன் எண்டு வாய் திறந்தவர். அது இந்தச் சனிக்கிழமை. எனக்கு அவர் இல்லை எண்டதைத் தாங்க ஏலும், யாக்கோப்பு. அவர் நல்லாத்தான் இருந்தார், நல்லாத்தான் போனார். இதை ஒருத்தரும் காணாமல் போச்சுதெண்டா, அதைத்தான் என்னால தாங்க ஏலாது."

யாக்கோப்பு சாத்திய கதவைத் திறந்தார். பிறகு தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு, அருள்நாயகியைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். வாறன் என்றுகூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை செபமாலைக்கும் வரவில்லை. கோயிலிலிருந்து வந்த ஒரு மனுசி செபத்தைச் சொல்லிச் சமாளித்தாள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தாயும் மகளுமாகப் படத்தையும் திரிகளையும் ரீவிப் பெட்டிக்கு மேலே மாற்றினார்கள். சுரூபத்தைப் பியற்றிஸ் உதட்டில் வைத்து முத்தி செய்து பக்கத்தில் வைத்தாள். கதவை இரண்டுபேரும் மூச்சுப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு சாத்தினார்கள். கொட்டகைக் கூரை அவள் நினைத்தபடியே நடுவால் முறிந்திருந்தது. ஒரு சிக்னல் கம்பம் சரிந்து கிடந்தது. துறைமுகத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு மெழுகு விழுந்து காய்ந்து, பார்க்க வெள்ளைப் படகு போல இருந்தது.

"இதைச் சுரண்டவா அம்மா?" என்றாள் றெஜினா.

"விடு. வடிவாத்தான் கிடக்கு."

அவருடைய பெட்டியைத் திறந்து பசையும் மெல்லிய பலகைத் துண்டுகளும் எடுத்தார்கள். றெஜினாவுக்கு மருந்துக் கடையில் மாத்திரை எண்ணுகிற வேலை, விரல் நிதானம் தகப்பனுடையது. கூரை ஒட்டி முடிய மத்தியானமானது. கொஞ்சம் கோணல்தான். இருவரும் தள்ளி நின்று பார்த்து, கடற்காற்றுக்கு எந்தக் கூரையும் கோணித்தானே போகும் என்று முடிவு செய்தார்கள். அப்போது இரண்டுபேருக்கும் சிரிப்பு வந்தது. செத்தவீட்டில் சிரிக்கிறோமே என்று நினைக்க இன்னும் கொஞ்சம் வந்தது.

சனிக்கிழமை நோர்மன் தன் காரில் வருவதாகச் சொல்லியிருந்தார். மேசையைக் கழற்றிவைத்த நான்கு பலகையையும் ஒரு காரில் எப்படி ஏற்றுவது என்று பியற்றிஸ் யன்னலடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் யாக்கோப்பின் வான் வந்து நின்றது. அவர் கறுப்பு ரையோடு இறங்கினார். பின்கதவைத் திறந்தார். உள்ளே வெங்காய மூட்டை எல்லாம் இறக்கி, கூட்டித் துடைத்து, பழைய போர்வை இரண்டு விரித்திருந்தது. கருவாட்டு மணம் மட்டும் போகவில்லை.

"தெரியாத ஆக்கள் தூக்கினா உடைச்சுப்போடுவாங்கள்" என்றார், அவளைப் பார்க்காமல்.

"ஓம், தெரிஞ்ச ஆக்கள் தூக்கினாத்தான் நல்லது" என்றாள் பியற்றிஸ். ஒட்டின கூரையை அவர் கண்டுகொண்டாரா என்று தெரியவில்லை. கண்டிருக்கவேண்டும், அந்தப் பலகையை மட்டும் தனியாக, குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

பெல்தம் மண்டபத்தில் நல்ல சனம். சுற்றிவர விதவிதமான ரயில்கள், நீளமான எக்ஸ்பிரஸ்கள், விளக்குப் போட்ட பெட்டிகள், எல்லாம் காற்றாய்ப் பறந்தன. பஸ்தியாம்பிள்ளையின் மேசைக்கு ஒரு மூலையில் இடம். பியற்றிஸ் வழக்கம்போல மறைப்புக்குப் பின்னால் கதிரையில் போய் இருந்தாள். முன்பக்கத்தை நோர்மன் எடுத்துக்கொண்டார். யாக்கோப்பு சாமான் இறக்கி முடித்தபிறகும் போகவில்லை. சுவரோடு சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, மண்டபத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மணி ஒருமுறை அடித்தது. பியற்றிஸ் திருப்பி அடித்துவிட்டு, பழக்கத்தில் சொல்லத் தொடங்கினாள். நாலாவது அருள்நிறைந்த மரியே பாதியில் நிற்க, வண்டி பொந்துக்குள் வந்து மின்சாரமில்லாமல் நின்றுவிட்டது. கையை விட்டு இழுத்தெடுத்தாள். திருப்பி அனுப்பினாள். இரண்டாம் முறை மூன்றாவது மந்திரத்திலேயே வந்து நின்றது. மூன்றாம் முறை அவள் சுவிட்சை முன்கூட்டியே போட்டு வைத்தாள். வண்டி பாய்ந்து வந்து கட்டையில் முட்டி, கடைசிப் பெட்டி கவிழ்ந்தது.

அவள் எழுந்து முன்னால் வந்தாள். மேசைக்கு முன் இரண்டுபேர் நின்றார்கள். ஒருவர் நகர்ந்துகொண்டிருந்தார்.

"நோர்மன், இது சௌத்வோல்ட் வண்டி. இவ்வளவு வேகமாக அது ஒருநாளும் போகவில்லை."

"மெதுவாக விட்டால் சனம் அலுத்துப் போய்விடுமே என்று பயந்தேன்" என்றார் நோர்மன், உள்ளபடி வெட்கப்பட்டு.

"அலுத்தால் அலுக்கட்டும். நான் ஓட்டுகிறேன்."

அப்படியானால் பின்னால் ஆர்? நோர்மனுக்கு மணிக்கூடு பார்த்துச் சுவிட்ச் போடலாம், ஆனால் அவள் ஓட்டப்போவது மணிக்கூட்டுக்கு அல்ல. றெஜினா செபம் சொன்னால் அது அந்த எக்ஸ்பிரஸ்களையும் முந்திவிடும். பியற்றிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"யாக்கோப்பு, கொஞ்சம் இஞ்ச வாங்கோ."

மறைப்புக்குப் பின்னால் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினாள். மணியைக் காட்டினாள், சுவிட்சைக் காட்டினாள், எஞ்சினைக் கழற்றி மற்றப் பக்கம் கொளுவுகிற விதத்தைக் காட்டினாள்.

"மணி கேட்டா நீங்களும் ஒருக்கா அடிச்சுப்போட்டு, அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்குங்கோ. நீங்கள் சொல்லுற வழக்கமான இழுவையில. பத்தாவதில சுவிட்சைப் போடுங்கோ. வண்டி வரும்."

யாக்கோப்பு அவளை ஏறிட்டுப் பார்த்தார். "செபத்துக்கோ ரயில் ஓடினது?"

"நான் பின்னால இருந்து சொல்லுறனான். அவர் அந்தக் கணக்குக்குத்தான் ஓட்டினவர். ஒருநாளும் பிழைச்சதில்லை."

"அண்ணையோ?"

"உங்கட அண்ணைதான். நீங்கள் ரெண்டுபேரும் ஒரு வீட்டில, ஒரு தாயிட்டப் பழகின செபம்தானே. இழுவையும் ஒண்டுதான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பியற்றிஸ் முன்பக்கம் வந்து, புருசன் வழக்கமாக இருக்கிற உயரமான ஸ்டூலில் ஏறி இருந்தாள். கால் நிலத்தில் முட்டவில்லை. மணியை அடித்தாள். மறைப்புக்குப் பின்னாலிருந்து, ஒரு கணம் பிந்தி, பதில் வந்தது. ரயிலை ஓட்டும் திருகியைத் திருப்பினாள்.

எஞ்சின் புறப்பட்டது. ஒரு விரல் நீளம், பச்சை நிறம், பின்னால் இரண்டு பெட்டி. ஸ்டேசனைவிட்டு இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டது. அவள் வாய்க்குள் சொன்னாள். இரண்டாவதில் கொட்டகையைக் கடந்தது, கோணல் கூரை அசையவில்லை. நான்காவதில் துறைமுகத்துக்கு மேலால் போனது. ஐந்தாவதில் ஒரு வளைவு, வளைவில் பெட்டிகள் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டுவதுபோல் மெல்லச் சாய்ந்தன. இது அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடமும் ஐந்தாவது மந்திரத்தில் இப்படியொன்று நடந்துகொண்டிருக்கிறது என்று அந்த மனுசன் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். கொஞ்சம் வந்து பாரும் என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் பின்னால் ஆர் இருப்பது? அவளுக்குக் கோபமும் வந்தது, சந்தோசமும் வந்தது, சந்தோசம்தான் கூட.

நகரப்போனவர் நகரவில்லை. இன்னும் சிலபேர் வந்து நின்றார்கள். மற்ற மேசைகளில் பறக்கிற ரயில்களைப் பார்த்துக் களைத்தவர்களோ என்னவோ, இந்த ரயில் எப்போது போய்ச் சேருகிறது என்று பார்த்துவிடுவோம் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்புக் கேட்டது. யாக்கோப்புக்கு வாய்க்குள் செபம் சொல்லிப் பழக்கமில்லை. வெள்ளைக்காரச் சனம் அதையும் ரயிலோடு சேர்ந்த சத்தம் என்று நினைத்துக்கொண்டது. ஒன்பதாவதில் வண்டி பாலத்தைக் கடந்தது. பத்தாவதில் பொந்துக்குள் நுழைந்தது. கடைசிப் பெட்டியும் தடங்கல் இல்லாமல் உள்ளே போய் மறைந்தது.

இரண்டுபேர் கைதட்டினார்கள். நோர்மன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

இனி எஞ்சினை மாற்றிக் கொளுவி, பின்னாலிருந்து மணி அடிக்கவேண்டும். பியற்றிஸ் காத்திருந்தாள். மணி அடிக்கவில்லை. முணுமுணுப்பும் நின்றுபோயிருந்தது. கொளுவத் தெரியவில்லைப்போல என்று நினைத்து, ஸ்டூலிலிருந்து இறங்கிச் சுற்றிக்கொண்டு போய் மறைப்புத் துணியை விலக்கிப் பார்த்தாள்.

எஞ்சினை அவர் சரியாகத்தான் மாற்றிக் கொளுவியிருந்தார். வண்டி அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் புறப்பட ஆயத்தமாக நின்றது. மூக்குக்கண்ணாடி மடியில் கிடந்தது. யாக்கோப்பு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, ஒரு சத்தமுமில்லாமல் இருந்தார்.

பியற்றிஸ் துணியை இருந்தபடியே இழுத்துவிட்டுத் திரும்பி முன்னால் வந்தாள். சனம் பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"மன்னிக்கவேண்டும்" என்றாள் ஆங்கிலத்தில். "வண்டி கொஞ்சம் பிந்தும்."

"அது எங்களுக்குப் பழக்கம்தான்" என்று ஒரு கிழவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் போகவில்லை. றெஜினா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து தாயின் கையில் கொடுத்தாள். பியற்றிஸ் ஸ்டூலில் ஏறாமல் சனத்தோடு போய் நின்று, தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்தபடி, வண்டியில்லாத ஸ்டேசனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.